ரம்பத்தோடு கவசமும் வரவேண்டும்

2019ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் ஃபானி புயல் ஒடிசாவில் புரி நகருக்கருகே கரையைக் கடந்தது. மறு ஆண்டு மே 20ஆம் நாள் அம்பான் புயல் மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் கரையேறியது. இவ்விரு சமயங்களிலும் துயருற்ற மக்களுக்கு எந்த உதவி சென்று சேர வேண்டுமாயினும், அதற்கு முன்பாகச் சென்று சேர வேண்டியிருந்தது மரம் அறுக்கும் ரம்பமே. சாலைகளின் குறுக்கே சாய்ந்து கிடந்த மரங்களை அறுத்து அகற்றினாலன்றி உணவு ஏற்றிய லாரியும் செல்ல இயலாது. நோயாளியை ஏற்றிய வண்டியும் செல்ல இயலாது. மின்கம்பங்களை மீண்டும் நிறுத்த வரும் பணியாளரும் ஊருக்குள் நுழைய இயலாது. அம்பானுக்குப் பிறகு கொல்கத்தா நகரின் வீதிகளை அடைத்துக் கிடந்த ஆயிரக்கணக்கான மரங்களை அகற்றுவதற்கு, தேசியப் பேரிடர் மீட்புப் படையினரோடு ஒடிசா மாநிலத்தின் மீட்புப் படையினரும் தீயணைப்புத் துறையினரும் சங்கிலி ரம்பங்களுடன் வந்து உதவியதைப் பலரும் நினைவுகூர்வர்.

படையினர் பயிற்சி பெற்றவர்கள். தலைக்கவசமும் பூட்ஸும் அணிந்தே பணிக்கு வருகின்றனர். ஆயினும் புயலுக்குப் பின் அறுபடும் மரங்கள் அனைத்தும் அவர்கள் கையால் அறுபடுவன அல்ல. உட்சாலைகளிலும் கிராமங்களிலும் பள்ளி வளாகங்களிலும் வீட்டுக் கூரைகளின் மீதும் விழுந்து கிடப்பவற்றைப் பெரும்பாலும் அறுப்பவர்கள் அவ்வூர்களிலேயே மரம் வெட்டிப் பிழைக்கும் கூலித் தொழிலாளர்களே. பஞ்சாயத்தோ, நகராட்சியோ, நெடுஞ்சாலைத் துறையின் ஒப்பந்தக்காரரோ அவர்களை அழைத்து வருகின்றனர். மடித்துக் கட்டிய கைலி, ரப்பர் செருப்பு, தலையில் ஒரு துண்டு ஆகிய இவையே அவர்களுடைய தொழிலுடை. கையில் இருப்பதோ 'மெஷின் ரம்பம்' என்றும் 'செயின் சா' என்றும் அவர்கள் வழங்கும் சங்கிலி ரம்பம்.

ரம்பம் வாங்குவதற்கு இந்நாட்டில் பணம் கிடைத்துவிடுகிறது. அலுவலகத்தின் கொள்முதல் பட்டியலில் அது தடையின்றி இடம்பெறுகிறது. தனியார் கடைகளிலோ மலிவான விலையில் மலிந்து கிடக்கிறது. அதைக் கையாள்வோரின் காலையும் கண்ணையும் காதையும் காக்கும் உடைகள் மட்டும் 'துணைப் பொருள்' என்னும் தலைப்பில் அடுத்த ஆண்டிற்கெனத் தள்ளி வைக்கப்படுகின்றன. பல இடங்களில் அந்தத் தலைப்பும் இருப்பதில்லை. இது முறையன்று. பாதுகாப்புடை சங்கிலி ரம்பத்தின் ஓர் உறுப்பேயன்றி அதற்குச் சேர்த்துக் கொள்ளும் அணிகலன் அன்று. பிரேக் இல்லாத லாரியை எந்த அலுவலரும் ஏற்றுக் கையொப்பமிடுவதில்லை. கவசமின்றி வரும் ரம்பத்தையும் அவ்வாறே ஏற்காமல் திருப்புவதே பொருத்தமாகும்.

இதன் காரணத்தை அறிய அக்கருவி வேலை செய்யும் விதத்தைச் சற்று நோக்குதல் வேண்டும். கைரம்பத்தின் பல் மரத்தைக் கீறிக் கீறிச் செல்வது. சங்கிலி ரம்பத்தின் பல்லோ இழைப்புளியைப் போல மரத்தைச் செதுக்கி எடுப்பது. இவ்வகைப் பல்லின் வரலாறு மாணவர்களுக்குச் சொல்லத் தக்கது. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒரெகான் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்னும் மரம் வெட்டுபவர், ஒரு கட்டையைக் குடைந்து கொண்டிருந்த வண்டின் புழுவைக் கண்டார். அப்புழு தன் தாடைகளை இடமும் வலமுமாக அசைத்து, மரத்தின் நாரோட்டத்திற்கு நேராகவும் குறுக்காகவும் ஒரே எளிமையுடன் தின்று செல்வதைக் கவனித்து, அத்தாடையின் வடிவத்தையே எஃகில் சமைத்தார். இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலிகளின் பற்கள் பெரும்பாலும் அப்புழுவின் தாடை வழி வந்தவையே.

அத்தகைய பற்கள் என்ன வேகத்தில் ஓடுகின்றன? வினாடிக்கு 20 மீட்டர் என்பது சாதாரண வேகம். அஃதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். அரை மீட்டர் நீளத் தகடு கொண்ட ரம்பத்தில், தகட்டின் எந்த ஓர் இடத்தையும் ஒரு வினாடிக்குள் ஏறத்தாழ ஐந்நூறு பற்கள் கடந்து செல்கின்றன. மனிதன் வலியை உணர்ந்து கையை இழுக்கும் நேரத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட பற்கள் தசையைச் செதுக்கிச் சென்றுவிடும். கத்தி வெட்டு இரண்டு ஓரங்களை விட்டுச் செல்கிறது; அவற்றைச் சேர்த்துத் தைக்கலாம். சங்கிலி ரம்பத்தின் காயம் தசையை அள்ளி எடுத்துவிடுவதால் சேர்த்துத் தைப்பதற்கு ஓரமே எஞ்சுவதில்லை. அதனுடன் எண்ணெயும் மரத்தூளும் அழுக்கும் காயத்தினுள் புகுந்துவிடுகின்றன.

இக்காயங்கள் மிகுதியாக ஏற்படுவது கால்களில், அதிலும் இடக்காலில். வலக்கையால் விசையை அழுத்தி இடக்கையால் முன்பிடியைப் பற்றி நிற்பவரின் இடத்தொடை, தகடு இறங்கும் பாதைக்கு அருகில் அமைந்துவிடுகிறது. கிளை கழிக்கும்போதும் துண்டு போடும்போதும், அறுத்து முடிந்த தகடு தன் வேகத்தோடு சட்டென்று கீழிறங்கித் தொடையிலோ முழங்காலிலோ படுகிறது. மற்றோர் அபாயம் எதிருதைப்பு. தகட்டு நுனியின் மேற்பகுதி ஒரு கிளையிலோ கட்டையிலோ இடித்துவிட்டால், சங்கிலி மரத்தைக் கடிக்க மாட்டாமல் தகட்டையே எதிர்த்திசையில் எறிகிறது. ரம்பம் மேல்நோக்கி வளைந்து, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கிப் பாய்கிறது. அவ்வாறு பாயும்போது சங்கிலியைத் தானாகவே நிறுத்தும் பிரேக் 1970களில் பரவலாகப் பொருத்தப்படலாயிற்று. மலிவான ரம்பங்களில் இந்த பிரேக் பெயரளவில் இருந்து, மரத்தூள் அடைத்துச் செயலற்றுப் போவதுண்டு. நாள்தோறும் வேலை தொடங்குமுன் அதைச் சோதித்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலையே.

இனி, காலைக் காக்கும் காற்சட்டை. இது தடித்த தோலோ இரும்பு வலையோ அன்று. 'பற்கள் அறுக்க முடியாத துணி' என்று எண்ணுவதும் தவறு. அதன் உள்ளே நீண்ட இழைகள் பல அடுக்குகளாகத் தளர்வாக இடப்பட்டுள்ளன. பாலியெஸ்டர், நைலான், அராமிட் முதலிய இழைகள் இதற்குப் பயன்படுகின்றன. சங்கிலி மேல்துணியைக் கிழித்தவுடன் பற்கள் இவ்விழைகளைப் பற்றி வெளியே இழுக்கின்றன. இழைகள் சங்கிலியோடு ஓடிச் சென்று, அதைச் சுழற்றும் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, ரம்பத்தையே நிறுத்திவிடுகின்றன. சைக்கிள் சக்கரத்தில் சேலை முந்தானை சிக்கினால் சக்கரம் நின்றுவிடுவதைக் காணாதவர் இலர். அங்கே ஆபத்தாய் முடியும் அதே நிகழ்ச்சி இங்கே காப்பாக அமைகிறது. ஆசிரியர்கள் இந்த ஓர் உவமையைக் கொண்டே இதன் தத்துவத்தை விளக்கிவிடலாம்.

சர்வதேசத் தர அளவையின்படி இவ்வுடைகள் சங்கிலியின் வேகத்தைக் கொண்டு வகுக்கப்பட்டுள்ளன. வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் சங்கிலியை நிறுத்துவது முதல் வகுப்பு; 24 மீட்டர் இரண்டாம் வகுப்பு; 28 மீட்டர் மூன்றாம் வகுப்பு. காலின் முன்புறத்தை மட்டும் காப்பது ஒரு வகை. சுற்றிலும் காப்பது மற்றொரு வகை. வாங்குவோர் இவ்விரண்டையும் குறிப்பிடாமல் 'பாதுகாப்புக் காற்சட்டை' என்று மட்டும் எழுதினால், வெறும் முரட்டுத்துணிக் காற்சட்டையே வந்து சேரும். கம்பி வழியே மின்சாரம் பெற்று ஓடும் ரம்பங்களில் சுழற்சி வலு எளிதில் குன்றுவதில்லையாதலால், அவற்றையும் இவ்வுடை தவறாமல் நிறுத்தும் என நம்பியிருத்தல் கூடாது.

இவ்வுடைக்கு எதிராகக் கூறப்படும் தடைகள் இரண்டு. முதலாவது வெயில். குளிர்நாட்டுக் காடுகளுக்கென உருவான உடையை வைகாசி மாதக் கடற்கரைப் புழுக்கத்தில் அணிவது துன்பமே என்பதை மறுப்பதற்கில்லை; இதை மறுத்துப் பேசும் அலுவலர் ஒரு நாள் அதை அணிந்து பார்த்தல் நலம். எனினும் துன்பம் தருவது பெரும்பாலும் சுற்றிலும் மூடிய வகையேயாகும். முன்புறம் மட்டும் காப்பளித்துப் பின்புறம் வாரால் கட்டிக்கொள்ளும் காலுறை வகை இந்நாட்டின் வெயிலுக்கு ஏற்றது. தரையில் நின்று அறுப்போருக்குப் பெரும்பாலான காயங்கள் முன்புறத்திலேயே படுவதால் இது குறைந்த காப்பென்றும் கொள்ள வேண்டியதில்லை. ரம்பத்தை அணைத்துவிட்டு ஓய்வெடுக்கும்போது கழற்றி வைக்கவும் எளிது. காலை வேளையில் கடும் அறுப்பு, நண்பகலில் இழுத்து அகற்றும் வேலை என்று பணியைப் பகுத்துக்கொள்வதும், குடிநீரை வேலையிடத்திலேயே வைப்பதும் மேற்பார்வையாளரின் கடமை.

இரண்டாவது தடை விலை. சந்தையில் ரம்பம் மலிவாகிவிட்டது. தரச் சான்று பெற்ற காற்சட்டை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவதால் அதன் விலை சில சமயம் ரம்பத்தின் விலையையே மிஞ்சிவிடுகிறது. இதைக் கண்டு சிறு ஒப்பந்தக்காரர்கள் மலைப்பதில் வியப்பில்லை. ஆனால் இந்நிலை மாற்ற இயலாதது அன்று. பாலியெஸ்டர், நைலான் இழைகளை இந்நாடு பெருமளவில் உற்பத்தி செய்கிறது. 1,480 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் தேசியத் தொழில்நுட்பத் துணிகள் இயக்கத்துக்கு 2020ஆம் ஆண்டில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. காப்புத் துணிகளுக்கெனச் சிறப்பு மையமாகக் காசியாபாத்தில் உள்ள வட இந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இயங்குகிறது. தீயணைப்போருக்கும் படைவீரருக்கும் துணி ஆராயும் இடத்தில் மரம் அறுப்போரின் கால் உறைக்கும் ஓர் இடம் இருத்தல் தகும். இழைகளை எவ்வளவு தளர்வாக, எத்தனை அடுக்காக இடுவது என்பதில்தான் இதன் நுட்பம் அடங்கியுள்ளது. அபூர்வமான மூலப்பொருள் எதுவும் தேவையில்லை.

காயம் கண்ணுக்குத் தெரிகிறது. காதுக்கும் விரலுக்கும் நேரும் கேடு தெரிவதில்லை. சங்கிலி ரம்பம் அறுக்கும்போது எழும் ஓசை இயக்குபவரின் காதருகே 100 டெசிபலை எளிதில் தாண்டுகிறது. 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்றும் அமெரிக்கத் தொழில்நல ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கிறது. இக்கணக்கை மாணவர்களே போட்டுப் பார்க்கலாம்: 100 டெசிபலில் 15 நிமிடம், 109 டெசிபலில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. காதில் பஞ்சை அடைத்துக்கொள்வது இதற்குப் பரிகாரம் ஆகாது. தலைக்கவசத்தோடு இணைந்த காதுமூடியே ஏற்றது.

அதிர்வினால் விரல்கள் வெளுத்து மரத்துப் போகும் நோய் இன்னும் மெல்ல வருவது. குளிர்ந்த நாடுகளில் இது முதலில் வெளிப்பட்டது. பின்லாந்தின் சுவோமுசால்மி வட்டாரத்தில் காட்டுத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்ததில், 1972இல் நூற்றுக்கு 40 பேரிடம் காணப்பட்ட இந்நோய் 1990இல் நூற்றுக்கு 5 பேராகக் குறைந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் ரம்பங்களின் அதிர்வு வெகுவாகக் குறைக்கப்பட்டிருந்தது. பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையே ரப்பரோ சுருள்வில்லோ வைத்து அதிர்வைத் தணிக்கும் ஏற்பாடே இதில் முக்கியமானது. ஆகவே கையுறை இருக்கிறது என்று எண்ணி, ரப்பர் தேய்ந்த பழைய ரம்பத்தைத் தொடர்ந்து பயன்படுத்துவது அறிவீனம். தேய்ந்த ரப்பரை மாற்றுவதும் காப்பின் ஒரு பகுதியே.

இவ்வளவும் கூறியபின், கவசத்தால் ஆகாததையும் கூற வேண்டும். தலைக்கவசம் முறிந்து விழும் சிறு கிளையைத் தாங்கும், அடிமரத்தைத் தாங்காது. புயலில் சாய்ந்த மரமோ நின்ற மரத்தைவிடக் கொடியது. வளைந்து கிடக்கும் மரத்தின் புறவளைவில் நார்கள் இழுபட்டும், உள்வளைவில் அமுங்கியும் இருக்கின்றன. இழுபட்ட பக்கத்தில் முதலில் ஆழமாக அறுத்தால், நாணறுந்த வில்லைப் போல அது தெறித்து எழும். அமுங்கிய பக்கத்தில் முதலில் சிறிதளவு அறுத்து, பின்னர் இழுபட்ட பக்கத்தில் சிறுகச் சிறுக அறுத்து விசையைத் தணிப்பதே முறை. தெறிக்கும் பாதையில் எவரும் நிற்கலாகாது. வேரோடு பெயர்ந்த மரத்தில் இன்னோர் அபாயம் ஒளிந்திருக்கிறது. அடிமரத்தை அறுத்துத் துண்டித்தவுடன், அதன் பாரம் நீங்கியதால், மண்ணோடு நிமிர்ந்து நிற்கும் வேர்ப்பாளம் திடீரென்று தன் பழைய குழிக்கே திரும்பி விழக்கூடும். அக்குழி வேடிக்கை பார்க்கும் சிறுவர்கள் இறங்கி விளையாடும் இடமாக இருந்துவிடுகிறது. அறுப்பதற்கு முன் குழியைச் சுற்றிக் கயிறு கட்டிக் காவல் வைப்பது தவறாமல் செய்ய வேண்டிய காரியம்.

மரத்தோடு கிடக்கும் மின்கம்பியையும் நம்பலாகாது. மின்நிலையத்தில் நிறுத்திவிட்டதாகச் சொன்னாலும், அருகிலுள்ள வீட்டிலோ கடையிலோ ஓடும் ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் கம்பிக்குத் திரும்பி வரக்கூடும். மின்வாரிய ஊழியர் வந்து கம்பியைத் தரையோடு இணைத்து உறுதி செய்யும் வரை ரம்பத்தைத் தொடாமல் இருப்பதே நன்று. 2018 நவம்பரில் கஜா புயலால் தஞ்சை, நாகை வட்டாரங்களில் நேர்ந்தது போலத் தென்னைகள் பெருந்தொகையில் சாயுமிடத்தில் வேறொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. தென்னையின் நாரிலுள்ள மணற்சத்து சங்கிலிப் பற்களை விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய ரம்பத்தை அறுப்பவர் உடல் எடையால் அழுத்துகிறார்; கால் சறுக்குகிறது. அரம் எடுத்துப் பல் தீட்டுவதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்காத மேற்பார்வையாளர் அவ்வைந்து நிமிடத்தால் எதையும் மிச்சப்படுத்துவதில்லை.

இத்தகைய நுட்பங்கள் பயிற்சியால் வருவன. பயிற்சி இருந்தால் கவசம் எதற்கு என்று வினவுவோரும் உளர். பயிற்சி பெற்ற கரமும் மூன்றாம் நாள் மாலையில் தளர்கிறது என்பதே அதற்கு விடை. புயல் நிவாரணப் பணியில் நாட்கள் இரவோடு இரவாகச் சேர்ந்துவிடுகின்றன. 'சாலை திறக்க வேண்டும், உடையணிய நேரமில்லை' என்று சொல்லப்படுவதும் அங்கேதான். கால் உறையைக் கட்டிக்கொள்ள ஆகும் நேரம் ஒரு குவளை தேநீர் அருந்தும் நேரமே.

சட்டத்தின் நிலையையும் நோக்குதல் தகும். அமெரிக்காவில் 1994இல் வெளியிடப்பட்டு 1995இல் நடைமுறைக்கு வந்த மரவெட்டு விதிகள், சங்கிலி ரம்பம் இயக்குவோருக்குத் தொடையிலிருந்து பூட்ஸ் வரை காப்புடை கட்டாயம் என்று கூறுகின்றன. காலணி நீங்கலாக மற்றவற்றின் செலவு முதலாளியைச் சார்ந்தது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆபத்தில்லாத பணியிடத்தை அளிப்பது வேலை தருவோரின் கடமை என அது விதிக்கிறது. ஆயினும் பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களையே அது கருதுகிறது. மரம் அறுக்கும் குழுவோ நால்வர் அல்லது ஐவர். அவர்கள் சட்டத்தின் வலைக்கண் வழியே நழுவி விடுகின்றனர்.

ஆகையால் அவர்களை எட்டக்கூடிய கருவி, பணியைத் தரும் அலுவலகத்தின் ஒப்பந்தப் படிவமே. 'ரம்பம் ஒன்றுக்குத் தலைக்கவசம், முகத்திரை, காதுமூடி, கால் உறை, பிடியுள்ள பூட்ஸ் ஆகியவை ஒரு தொகுதி; இவையின்றி அறுக்கும் நாளுக்குப் பணம் இல்லை; இவற்றின் வாடகை பணித்தொகையில் சேர்த்துத் தரப்படும்' என்னும் ஒரு விதியை எழுதுவதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. வாடகை என்பதே இங்கு முக்கியம். ஐவர் கொண்ட குழுவை விலை கொடுத்து வாங்கச் சொன்னால் வாங்கமாட்டார்கள். வட்டார அலுவலகத்தின் பண்டகசாலையிலிருந்து எடுத்துச் சென்று திருப்பித் தரச் சொன்னால் தருவார்கள். சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவிலும் இருத்தல் வேண்டும். நீளம் மிகுந்த கால் உறை தரையில் தடுக்கும். தடுக்கும் உடையை எவரும் இரண்டாம் நாள் அணியார்.

வங்கக் கடற்கரையில் புயற்காலங்கள் இரண்டு: ஏப்ரல் முதல் ஜூன் வரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ரம்பங்களை எடுத்து ஓட்டிப் பார்க்கும் வழக்கம் நல்ல அலுவலகங்களில் உண்டு. அதே நாளில் உடைகளையும் வெளியே எடுத்து விரித்துப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் ஊறி விறைத்த உறையில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெளிவராமல் போகும். அதை மென்மையான சோப்பு நீரில் துவைத்து நிழலில் உலர்த்தலாம், இஸ்திரி போடலாகாது. ஒருமுறை சங்கிலி பட்டு உள்ளிழை அறுந்த உறையைத் தைத்துத் திரும்பப் பயன்படுத்துதல் அறவே கூடாது. ஆனால் இருப்புப் பதிவேட்டில் அது ஓர் உருப்படியாக நிற்கும் வரை பண்டகக் காப்பாளர் அதை எறிய மாட்டார். தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. கிழிந்த உறையை அன்றே கழித்து எழுதும் அதிகாரத்தைத் தலைமையகத்தில் வைத்துக்கொள்ளாமல் வட்டார அலுவலருக்கே அளித்துவிடலாம்.